வள்ளல் பச்சையப்பரும் நாம் எழுதாமல் விட்ட பத்திரமும்



நம் சங்கத்தில் யாராவது பெரியவர் மறைந்தால் கூட்டத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். பஜாரில் அரை நாள் கடை அடைக்கிறோம். பேசுகிறவர்கள் எல்லோரும் "அவர் செய்த தர்மம் என்றும் நிலைக்கும்" என்று சொல்லி அமர்கிறார்கள். நாமும் அப்படிப் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் தர்மம் தானாக நிலைப்பதில்லை என்பதை வடமதுரையிலேயே கண்ணால் பார்த்த பிறகு, இதைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வடமதுரையில் புளி மண்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பழைய உறுப்பினர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மாசி, பங்குனியில் மலையடிவாரத்துத் தோப்புகளிலிருந்து புளி வந்து இறங்கும்போது அவர் கிட்டங்கியில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், பேனா, பை எல்லாம் அவர் செலவு. முதலில் கிட்டங்கியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தார். பிறகு சுமை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் வந்தார்கள். கடைசியில் கேட்டு வந்த யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. சித்திரை வெயிலில் பஸ் நிற்கும் இடத்தில் தண்ணீர்ப் பந்தல் வேறு. பந்தலில் பெயர்ப் பலகை கிடையாது. "பலகைக்கு ஆகிற காசில் இன்னும் ரெண்டு பானை மோர் ஊத்தலாம் தம்பி" என்பார்.

அவருடைய சின்னக் கிட்டங்கி ஒன்று வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அந்த வாடகை முழுவதும் பிள்ளைகளின் படிப்புக்குத்தான் என்று கடையில் பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். நாமும் அங்கே இருந்தோம். உடம்புக்கு முடியாமல் போன சமயத்தில் ஒரு நாள் நம்மைக் கூப்பிட்டு, "பத்திரம் எழுதுறவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, இதை எழுதிப்புடுவோம்" என்றார். மார்கழி மாதம். "தை பிறக்கட்டும் அண்ணே, நல்ல நாள் பார்த்துச் செய்யலாம்" என்று சொன்னது நாம்தான். தை பிறந்தது. அவர் இருக்கவில்லை.

பிள்ளைகள் மூன்று பேரும் கெட்டவர்கள் அல்லர். பாகம் பிரித்தபோது அந்தக் கிட்டங்கி இரண்டாவது மகன் பங்கில் போயிற்று. அவருக்கும் கடன் இருந்தது, பெண் கல்யாணம் இருந்தது. ஓர் ஆண்டு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். மறு ஆண்டு பாதி கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம் பிள்ளைகள் வந்து கிட்டங்கி வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். நாம் என்ன சொல்ல முடியும்? எழுத்து இல்லையே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பச்சையப்ப முதலியாரின் கதையைத் திரும்பவும் எடுத்துப் படித்தோம். சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகிற நம் ஆட்கள் கோயம்பேட்டில் மெட்ரோ ரயில் ஏறி சென்ட்ரல் பக்கம் போனால், வழியில் பச்சையப்பன் கல்லூரி என்று ஒரு நிலையத்தின் பெயரை அறிவிப்பார்கள். கல்லூரியின் பெயர் என்று தெரியும். அவர் நம்மைப் போல வியாபாரத்தில் பிழைத்தவர் என்பதும், அந்தக் கல்லூரி முளைப்பதற்கு அவர் இறந்து 48 ஆண்டுகள் ஆயின என்பதும் பலருக்குத் தெரியாது.

துபாஷ் வேலை

பச்சையப்பர் 1754-ஆம் ஆண்டு சென்னைக்கு வடக்கே பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தகப்பனார் விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். குடும்பம் பிறர் ஆதரவில் வளர்ந்தது. சென்னையில் அப்போது செல்வாக்காக இருந்த நாராயண பிள்ளை என்ற துபாஷ் இந்தப் பையனைத் தம்மிடம் வைத்து எழுத்து, கணக்கு, ஆங்கிலம் எல்லாம் பழக்கினார்.

துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு நம் ஊர் பாஷை தெரியாது, நம் ஊர் விலை தெரியாது, யாரை நம்பலாம் என்றும் தெரியாது. அவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று சரக்கு வாங்கிக் கொடுப்பது, கடன் ஏற்பாடு செய்வது, வசூல் பார்ப்பது எல்லாம் துபாஷின் வேலை. இன்றைய கமிஷன் மண்டிக்காரர், தரகர், வட்டிக் கடைக்காரர், கணக்குப்பிள்ளை நால்வரையும் ஒரே ஆளாகச் சேர்த்தால் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சையப்பர் சிறு வயதிலேயே அந்தத் தொழிலில் இறங்கி, பிறகு கம்பெனி அதிகாரிகளுக்குத் துபாஷாக இருந்தும், வரி வசூல் குத்தகை எடுத்தும், தஞ்சை அரசருக்குப் பணம் புரட்டிக் கொடுத்தும் பெரும் பொருள் சேர்த்தார். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து வரிக் குத்தகை என்பது குடியானவனுக்கு இனிப்பான விஷயம் அல்ல. துபாஷ்மார்கள் எல்லோரையும் தருமவான்கள் என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. இவருடைய வரவில் எந்தக் காசு எப்படி வந்தது என்று நாம் இப்போது தணிக்கை செய்ய முடியாது. வந்த காசை என்ன செய்தார் என்பதுதான் நமக்கு ஆதாரத்தோடு கிடைக்கிறது.

வீடு கூவம் ஆற்றங்கரையில், கோமளீசுவரன்பேட்டையில். காலையில் கூவத்தில் குளித்துவிட்டுக் கோமளீசுவரர் கோயிலுக்குப் போவது அவர் வழக்கம் என்பார்கள். கூவத்தில் குளித்தார் என்று படித்தபோது நமக்கே நம்பச் சிரமமாகத்தான் இருந்தது. சிதம்பரம் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கோயில்களுக்கும் அன்னதானத்துக்கும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துக்கொண்டிருந்தவர்.

1794-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி அவர் உயில் எழுதினார். மார்ச் 31-ஆம் தேதி திருவையாற்றில் காலமானார். நடுவில் ஒன்பதே நாள். வயது நாற்பதுதான். அவருக்கு யாராவது "நல்ல நாள் பார்த்து எழுதலாம்" என்று சொல்லி, அவரும் கேட்டிருந்தால், இன்று அந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

உயிலின் சாரம், தம் சொத்தைச் சிவ, விஷ்ணு ஆலயங்களின் பூஜைக்கும் மற்ற தருமங்களுக்கும் விடுவது. காசி முதல் கன்னியாகுமரி வரை அவருடைய கட்டளைகள் பரவியிருந்தன.

நாற்பத்தெட்டு ஆண்டு

எழுதியாயிற்று. ஆனால் எழுதியவுடன் நடந்துவிடவில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை நம்பிக்கையான கையில் விட்டதாக நினைத்துத்தான் அவர் கண்ணை மூடியிருப்பார். பிறகு உறவினர்களுக்குள் வழக்கு, பொறுப்பு வகித்தவர்களோடு வழக்கு, கணக்கு காட்டவில்லை என்று வழக்கு. ஒரு தலைமுறைக்கு மேல் இந்தப் பணம் கைக்குக் கை மாறிக் கோர்ட்டிலே கிடந்தது. வரவேண்டிய நிலுவையை வசூல் செய்யவே பல ஆண்டுகள் பிடித்தன. கடனாகப் போன பணம் எப்படித் திரும்பும் என்பது நம் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் அரசாங்க வழக்கறிஞர்களாக இருந்தவர்கள் இந்தத் தர்மச் சொத்தைக் கையில் எடுத்தார்கள். முக்கியமாக அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். அவர் வெள்ளைக்காரர், பச்சையப்பரை நேரில் கண்டவரும் அல்லர். ஆனாலும் செத்துப் போன ஒரு மனிதர் எழுதியதற்கு உயிர் கொடுத்தவர் அவர்தான். 1832-ஆம் ஆண்டு தீர்ப்பு ஆகி, தர்மச் சொத்து என்பது நிலைநாட்டப்பட்டது. ஒரு லட்சம் வராகன் கோயில் கட்டளைகளுக்கு முதலாக வைக்கப்பட்டது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் கணக்கில் அது மூன்றரை லட்சம் ரூபாய். அதன் வட்டியில் பூஜையும் அன்னதானமும் நடக்க வேண்டும். எந்தக் கோயிலில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோயில்களிலேயே கல்லில் வெட்டியும் வைத்தார்கள். பூஜைக்கு வருகிற எவனும் படித்துப் பார்த்து, நடக்கிறதா இல்லையா என்று கேட்கலாம். பேரேட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் தெருவிலே வைத்த மாதிரி.

ஒரு லட்சம் வராகன் ஒதுக்கிய பிறகும் சில லட்சம் ரூபாய் மிச்சம் இருந்தது. இத்தனை ஆண்டு வட்டி சேர்ந்ததால் வந்த மிச்சம். இதை என்ன செய்வது? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. தர்மத்துக்கு என்று எழுதிய பணம் மிஞ்சினாலும், எழுதிய காரியம் நடக்க முடியாமல் போனாலும், அதை வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுக்காமல், எழுதியவரின் எண்ணத்துக்குக் கிட்டத்தில் உள்ள வேறொரு தர்மத்துக்குத் திருப்பிவிடக் கோர்ட்டுக்கு வழி உண்டு. இன்றைக்கும் பொது அறக்கட்டளைகளுக்கு அந்த முறை இருக்கிறது. அந்த வழியில் மிச்சப் பணம் கல்விக்குத் திரும்பியது. 1842-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி சென்னையில், அப்போது பிளாக் டவுன் என்று சொன்ன ஜார்ஜ் டவுன் பகுதியில், பச்சையப்பர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பாதிரிமார் பணமும் இல்லை, சர்க்கார் பணமும் இல்லை. நம் மனிதர் ஒருவரின் பணம்.

1846-இல் அடிக்கல் நாட்டி 1850-இல் திறந்த பச்சையப்பன் மண்டபம், கிரேக்கக் கோயில் மாதிரி பெரிய தூண்களோடு ஐகோர்ட்டுக்கு அருகில் இருக்கிறது. பாரிமுனைக்குச் சரக்கு வாங்கப் போகிறவர்கள் அதன் முன்னால் நடந்துதான் போயிருப்பார்கள். முன்னால் கடைகளின் கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்திருக்காது. பள்ளிக்கூடம் 1889-இல் முழுக் கல்லூரி ஆயிற்று. 1940-இல் சேத்துப்பட்டுக்குப் போயிற்று. கணித மேதை இராமானுஜன் 1906-இல் அங்கே சேர்ந்து படித்தார்; கணக்கைத் தவிர மற்றதில் மனம் போகாததால் தேறவில்லை என்பது வேறு கதை. பேரறிஞர் அண்ணா அங்கே படித்தவர். காஞ்சிபுரத்திலும் அந்த அறக்கட்டளையின் கல்லூரி இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் அந்தக் கல்லூரியில் இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தார்கள். 1947-க்குப் பிறகுதான் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. தர்மத்தின் நோக்கத்தைக் குறுக்கி வைத்தால் நூறு ஆண்டு ஆனாலும் அது குறுகியே நிற்கும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. நம் புளிமண்டிப் பெரியவர் கேட்டு வந்த எந்தப் பிள்ளையையும் எந்தத் தெரு என்று விசாரித்தவர் அல்லர். அந்த விஷயத்தில் அவர் ஒரு படி மேல் என்றுதான் நமக்குப் படுகிறது.

இருக்கும்போதே பிரித்தவர்கள்

உயில் என்பது நாம் போன பிறகு பேசுகிற வாய். பிறர் மறுத்துப் பேசினால் எழுந்து பதில் சொல்ல நாம் இருக்க மாட்டோம். அதனால் இருக்கும்போதே பிரித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. என்றால் இன்று ஆஸ்பத்திரியும் கல்லூரிகளும் நினைவுக்கு வரும். அதன் தொடக்கம் ஒரு பாகப் பிரிவினைதான். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வர். 1926-இல் குடும்பச் சொத்தைப் பங்கு வைத்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அன்றைய மதிப்பில் 2,01,000 ரூபாய். தர்மத்தை ஐந்தாவது சகோதரனாக வைத்துவிட்டார்கள். உடன்பிறந்தவன் பங்கில் கை வைத்தால் அவன் கேட்பான் அல்லவா? அதுபோல அந்தப் பங்குக்கும் கேட்க ஆள் ஏற்பட்டுவிட்டது. 1947-இல் கலைக் கல்லூரியும், 1951-இல் பொறியியல் கல்லூரியும், 1985-இல் மருத்துவக் கல்லூரியும் அந்த வேரில் வந்தவை.

"அவர்கள் மில் முதலாளிகள், நாம் பலசரக்குக் கடைக்காரர்கள்" என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக விருதுநகரைச் சொல்கிறோம். அங்கே வணிகர்கள் வாங்கும் சரக்குக்கும் விற்கும் சரக்குக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்த மகமையிலும் பிடி அரிசியிலும் வளர்ந்ததுதான் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை. பெருந்தலைவர் காமராஜர் படித்தது அங்கேதான். அவர் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததை நினைத்தால், அந்த ஒரு பிடி அரிசி எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

நம் பக்கத்து மண்டிகளிலும் பில்லில் மகமை என்று ஒரு வரி இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது. சில்லறைக் கடைக்காரர்கள் அதைப் பார்த்து முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பதில் நியாயமும் உண்டு. எங்கே போகிறது என்று சொன்னால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். மகமைப் பணம் மண்டிக்காரரின் வரவு அல்ல. அவர் கையில் தங்கிப் போகிற பணம். அதைக் கடைப் பேரேட்டில் வரவாக எழுதிக் கலந்துவிட்டால் தர்மமும் கெடும், வரிக் கணக்கிலும் தலைவலி வரும். தனிப் பக்கம், தனி வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு ஒரு முறை சங்கக் கூட்டத்தில் வாசிப்பது என்று இருந்தால் போதும்.

எழுதும்போது பார்க்க வேண்டியவை

நாம் வக்கீல் அல்ல. பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுத் தராசு பிடித்தவர்கள். ஆனாலும் பெரியவர் விஷயத்தில் செய்த தவற்றுக்குப் பிறகு, திண்டுக்கல்லில் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் தெளிந்த நினைவோடு கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது இரண்டு பேர் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை; ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் "இது அவர் கையெழுத்தே அல்ல" என்று சொல்லும் வாய் பாதி அடைபடும். சாட்சிகள் நம்மைவிட இளையவர்களாகவும், சொத்தில் பங்கு இல்லாதவர்களாகவும் இருப்பது நல்லது. நம் வயதுக்காரரையே சாட்சி போட்டால், விசாரணை வருகிற நாளில் மூவரும் ஒரே இடத்தில் இருப்போம்!

உயிரோடு இருக்கும்போதே நிலமோ கட்டடமோ தர்மத்துக்குக் கொடுப்பதானால் வாய்ச்சொல் செல்லாது. பத்திரம் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். பெரியவரின் கிட்டங்கி இந்த இடத்தில்தான் விழுந்தது. பத்துப் பேர் முன்னிலையில் சொன்னார், நூறு பேர் கேட்டார்கள், சட்டத்தின் கண்ணில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ரொக்கத்தை முதலாகப் போட்டு வட்டியில் தர்மம் செய்வது பழைய வழக்கம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் அப்பா காலத்தில் கோயிலில் ஆயிரம் ரூபாய் கட்டி, ஆண்டுக்கு ஒரு நாள் கட்டளை எழுதி வைத்தவர்கள் உண்டு. அந்த வட்டி அன்றைக்கு பூ, பழம், பொங்கல் எல்லாவற்றுக்கும் போதும். இன்று ஒரு நல்ல மாலை விலைக்கே காணாது. விலைவாசி ஏறுவதை நம்மைவிட யார் அறிவார்? எனவே வாடகை வரும் இடத்தை வைத்தால் வாடகையும் காலத்தோடு ஏறும். ரொக்கம்தான் முடியும் என்றால், வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலில் சேர்க்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். முதலைத் தொடக்கூடாது என்பதையும் எழுத வேண்டும்.

பொறுப்பாளர்கள் யார் என்பதில்தான் பச்சையப்பரின் தர்மம் அரை நூற்றாண்டு சிக்கியது. ஒருவரை மட்டும் நம்பிப் போடுவது ஆபத்து. பிள்ளைகளை மட்டும் போட்டால் வீட்டுக் கஷ்டத்தில் தர்மப் பணம் கைமாற்றாகப் போய்விடும். வெளியாட்களை மட்டும் போட்டால் வீட்டாருக்கு ஒட்டுதல் இருக்காது. வீட்டில் ஒருவர், சங்கத்தில் பதவி வகிக்கும் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் போலப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் என்று வைக்கலாம். சங்கத்தலைவர் என்று பதவியை எழுத வேண்டும், ஆளின் பெயரை அல்ல. ஆள் போவார், பதவி இருக்கும். ஒருவர் விலகினால் அடுத்தவரை எப்படிச் சேர்ப்பது என்பதும் இருக்க வேண்டும். எழுதிய காரியம் ஒரு காலத்தில் தேவைப்படாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு வரி அவசியம். இப்போது அரசே நோட்டுப் புத்தகம் கொடுக்கிறது. அப்படியானால் அந்த வாடகை கல்லூரிக் கட்டணத்துக்கோ பஸ் செலவுக்கோ போகலாம் என்று எழுதினால் கோர்ட்டுக்குப் போகாமலே வழி திறக்கும்.

வருமான வரிச் சலுகை பற்றிப் பலர் கேட்கிறார்கள். வரித்துறையில் உரிய பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்குக் கழிவு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. செக் அல்லது வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. சலுகைக்காகத்தான் தர்மம் என்றால் ஆடிட்டரைக் கேளுங்கள். அந்தப் பேச்சை நாம் இதோடு விடுகிறோம்.

ஒன்று சொல்ல மறந்தோம். பெரியவர் மறைந்தபோது நம் ஊரில் அவர் நினைவாக நிதி திரட்டுவதாகப் பேச்சு எழுந்தது. பதினோரு பேர் மேடையில் தொகை சொன்னார்கள். கைத்தட்டல் கேட்டது. நான்கு பேரிடம்தான் பணம் வந்தது. அந்த நான்கில் ஒன்று, கிட்டங்கியில் கொட்டை எடுத்த பெண்கள் தங்களுக்குள் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தது. சொன்னவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. மீதி எட்டுப் பேரில் நாமும் ஒருவர். அந்த மாதம் சரக்கில் நஷ்டம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இந்த ஆண்டு தை மாதம் அதைக் கட்டிவிட்டோம், தாமதத்துக்கு வட்டியும் சேர்த்து. வட்டி எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. நம் கடையில் பாக்கிக்காரர்களுக்குப் போடுகிற அதே வட்டிதான்.

பணம் கட்டிய மறுநாள் பெரியவரின் இரண்டாவது மகனைப் போய்ப் பார்த்தோம். பச்சையப்பர் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எழுதணும்னு அப்பா சொன்னாரா சித்தப்பா? எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார். மார்கழி மாதப் பேச்சை அப்போதுதான் முதல்முறையாக அவரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நமக்கு நன்றாக இருந்திருக்கும்.

முழு வாடகையும் தம்மால் முடியாது, பாதியை எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். மற்ற இரண்டு மகன்களும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ப்பதாகப் பேச்சு. பத்திரம் எழுதுகிறவர் வரைவு எழுதி வைத்திருக்கிறார். பொறுப்பாளர் இடத்தில் சங்கத்தலைவர் என்று பதவியைப் போட்டிருக்கிறது. அதற்குச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைக் கொண்டுவருகிறோம். உறுப்பினர்கள் தவறாமல் வரவேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறார்கள்.